இறங்காத கை

அந்தக் கை இறங்கவே இல்லை. தவமணியைக் கலக்கிவிட்டது அதுதான். கருவேலங்காட்டுக்கு நடுவில் நேராக ஓடுகிற ரோட்டில், வெகுதூரத்திலேயே, ஓரமாக ஒரு ஆள் கையை நீட்டிக்கொண்டு நிற்பது தெரிந்தது. தெரிந்தும் அவர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுக்கவில்லை. எடுக்கும் பழக்கமே விட்டுப்போயிற்று. இந்த வண்டியை ஓட்ட ஆரம்பித்த நாளிலிருந்து நிறுத்துவதா வேண்டாமா என்று யோசிக்கும் வேலையே அவருக்கு வைக்காமல், அதையெல்லாம் அந்தந்தக் கைகளே பார்த்துக்கொண்டன. தூரத்தில் வெள்ளையாக ஒரு வேன் வருகிறதென்று ஆசையாக நீளும் கை, கிட்டே வர வர, கண்ணாடிக்கு மேலே சிவப்பு எழுத்தில் அமரர் ஊர்தி என்று இருப்பது புரியப் புரிய, கொஞ்சம் கொஞ்சமாக மடங்கும். சிலர் நீட்டிய கையை அப்படியே தலைக்குக் கொண்டுபோய்ச் சொறிந்துகொள்வார்கள், சிலர் நன்றாக இருக்கிற வேட்டியை அவிழ்த்துக் கட்டுவார்கள், படிக்கிற பிள்ளைகள் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு, மறுமுனையில் யாருமில்லாமலே ஆங் ஆங் என்பார்கள், ஒரு பெரியவர் நீட்டிய கையோடு இன்னொரு கையையும் சேர்த்துக் கும்பிடாகவே மாற்றிவிட்டார். முதல் வருஷம் தவமணிக்கு அது வலித்தது. பிறகு சிரிப்பு வந்தது. பிறகு சிரிப்பும் நின்றுபோய், கை நீளுவதும் இறங்குவதும் ரோட்டோரப் புளியமரங்கள் மாதிரி கண்ணில் பட்டும் படாமலும் போய்க்கொண்டிருந்தன. இன்றைக்கு இது மட்டும் நீட்டியது நீட்டியபடி. நீல முழுக்கைச் சட்டை, தலையில் துண்டு, துண்டின் நிழலில் முகமே இல்லை. வண்டி பக்கத்தில் போகும்போதும் நீட்டியிருந்தது, தாண்டிய பிறகு இடதுபக்கக் கண்ணாடியில் சின்னதாகிக்கொண்டே போகும்போதும் நீட்டியிருந்தது. வளைவு திரும்பியதும் கண்ணாடியில் கருவேல மரங்கள்தான் இருந்தன.

வளைவுக்கு அப்பால் ரயில்வே கேட் மூடியிருந்தது. தவமணி வண்டியை நிறுத்தி இன்ஜினை அணைத்தார். கேட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு மாட்டு வண்டிகூட இல்லை, இந்தப்பக்கம் இவர் மட்டும். கேட் கீப்பர் தன் அறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தவன், வண்டியைப் பார்த்தான், நாற்காலியைக் கொஞ்சமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு தண்டவாளத்தைப் பார்க்க ஆரம்பித்தான். பின்னாலிருந்து ஒரு பைக் வந்தது, இரண்டு பேர். கேட்டருகே வந்து நிற்கவேண்டியவர்கள் வெகு பின்னாலேயே வேப்பமரத்து நிழலில் நின்றுகொண்டார்கள். வெயிலுக்காகத்தான் இருக்கும், எல்லாவற்றையும் தன் தலையில் போட்டுக்கொள்ளக் கூடாது என்று தவமணி சொல்லிக்கொண்டார், சொல்லிக்கொண்டே கண்ணாடியைப் பார்த்தார். அந்த ஆள் நடந்து வந்தால் இங்கேதானே வந்தாக வேண்டும். நடந்து வருவானா. ஏன் கையை இறக்கவில்லை அவன். எழுத்து தெரியாதவனாக இருக்கும். எழுத்து தெரியாவிட்டால் என்ன, வண்டியின் நெற்றியில் வாடிய மாலை தொங்குகிறதே, அதுகூடவா தெரியாது. கண் தெரியாதவனோ, கண் தெரியாதவன் சத்தத்தை வைத்துக் கை நீட்டியிருப்பானோ. இல்லை, குடித்திருப்பான். இல்லை, வேண்டுமென்றே நின்றிருப்பான். மொக்கராசு சொல்வானே, மதுரையில் ஷெட்டுக்கு எதிரே டாக்ஸி ஓட்டுகிறவன், ஒருத்தனை ஏற்றி, அவன் தூங்குகிற மாதிரி நடித்து, இறங்கிப் போன பிறகு பார்த்தால் டேஷ்போர்டில் இருந்த போனைக் காணோம், அந்தப் போனில் எவனோ எவளையோ மிரட்டி, போலீஸ் வந்து மொக்கராசுவைத்தான் உட்காரவைத்தது. கை காட்டுறவன் நெத்தியில எழுதியா ஒட்டியிருக்கு என்பான் மொக்கராசு. ஏத்துனது ஒன் தப்பு, ஏறுனது அவன் சாமர்த்தியம். மேனேஜரும் அதையேதான் வேறு மாதிரி சொல்வார், காலி வண்டியில ஒரு ஆளையும் ஏத்தக் கூடாது தவமணி, வழியில ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது. எல்லாம் நியாயம்தான். ஆனால் மினி லாரியில் தேனிப்பக்கமிருந்து வாழைத்தார் ஏற்றி ஓட்டிக்கொண்டிருந்த காலத்தில் அவர் ஒரு கையையாவது விட்டிருப்பாரா. காலேஜ் பையன், மாட்டு வியாபாரி, கோவிலுக்கு நடந்து போய்க் கால் கொப்பளித்தவர், சண்டை போட்டுக்கொண்டு அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டு வழியெல்லாம் புருஷனுக்கு என்ன குழம்பு பிடிக்கும் என்று சொல்லிக்கொண்டு வந்த பெண். ஒரு பையன் பரீட்சை எழுதிவிட்டு வந்தவன், ஏறியதும் தூங்கி, தூக்கத்தில் இவர் தோளில் சாய்ந்து எச்சில் ஒழுகவிட்டான். கியர் மாற்றினால் எழுந்துவிடுவானே என்று மேடு வரைக்கும் அதே கியரில் இழுத்துக்கொண்டு போனார். மனைவி பஞ்சவர்ணம் கேலி செய்வாள், ஊருல இருக்கிற கையெல்லாம் உங்களுக்குன்னே தூக்கி வச்சிருக்காங்களா, என் கை ஒண்ணுதான் கண்ணுல படாது. அப்போது யாராவது திருடினார்களா, ஒருத்தன் துண்டை எடுத்துக்கொண்டு போனான், துண்டு போனால் போகிறது. ஏற்றலாமா கூடாதா என்று கேட்டால் தவமணியிடம் இரண்டு பதிலும் இருந்தது, இரண்டுமே சரியாகவும் இருந்தது. அந்தக் கேள்வியை யாரும் தன்னிடம் கேட்காமலே போனதுதான் இந்தச் சில வருஷத்தில் அவருக்கு நடந்தது.

கண்ணாடியில் யாரும் இல்லை. ரயிலும் வரவில்லை. பிணத்தை இறக்கிவிட்டு வழியில் பம்பு செட்டில் குளித்த ஈரம் பனியனில் காய்ந்து, மறுபடி வேர்வையில் நனைந்துகொண்டிருந்தது. வழக்கமாக அவர் குளித்ததும் கிளம்பிவிடுவார்; இன்றைக்கு வரப்பில் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டார், அந்தச் சொல் காதைவிட்டுப் போகும்வரை உட்காரலாம் என்று. போகவில்லை. இதோ இங்கேயும் வந்துவிட்டது. ஆலடியேந்தலில் அந்த வீட்டு வாசலில் பெட்டியை இறக்கி, ஸ்ட்ரெச்சரை மடக்கி உள்ளே தள்ளி, பின்கதவைச் சாத்தி, சீட்டில் ஏறி உட்கார்ந்து, வண்டிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றவர்களைப் பார்த்து, அப்ப வர்றேன் என்று சொல்லிவிட்டார். சொன்னது தன் வாய்தான் என்று அவருக்கே ஒரு கணம் தெரியவில்லை. துக்க வீட்டில் வருகிறவரை வாங்க என்று கேட்கக் கூடாது, போகிறவரும் வர்றேன் என்று சொல்லக் கூடாது, பேசாமல் எழுந்து பேசாமல் போய்விட வேண்டும், பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. சாதாரணமாக ஒரு ஆள் வாய் தவறிச் சொன்னாலே முகம் சுளிப்பார்கள். சொன்னது பிண வண்டிக்காரன். அழுகை அப்படியே நின்றது. செத்தவரின் அண்ணன், அதுவரை தூணைப் பிடித்துக்கொண்டு நின்ற ஆள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். எங்கடா வருவ. ஏய், எங்க வருவ. அடுத்து யாரை ஏத்தலாம்னு வர்றேங்குற. நாலு பேர் அவரைப் பிடித்தார்கள். தவமணி வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஓடிவந்தார். இத்தனை வருஷத்தில் எத்தனை வாசல், எத்தனை சந்து, ஒரு வீட்டில்கூடச் சறுக்கியதில்லை. சறுக்கியதற்குக் காரணம் அவருக்குத் தெரியும், தெரிந்திருப்பதுதான் இன்னும் கஷ்டம். காலையில் ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும்போது திருப்பூரிலிருந்து மகள் நிரஞ்சனா போன் போட்டாள். பேத்திக்கு ஞாயிற்றுக்கிழமை தொட்டில் போட்டுப் பேர் வைக்கிறார்களாம். அவருக்கு வாயெல்லாம் சிரிப்பு, அப்ப வர்றேன் என்று சொல்ல வாயைத் திறக்கிறார், அதற்குள் அவள், அப்பா, நீங்க விசேஷமெல்லாம் முடிஞ்சு அப்புறமா ஒரு நாள் வாங்கப்பா, அத்தை கொஞ்சம் அது பாக்குறாங்க, தப்பா எடுத்துக்காதீங்கப்பா என்றாள். அது என்றால் எது என்று அவர் கேட்கவில்லை. சரிம்மா என்றார். போனைப் பஞ்சவர்ணம் வாங்கினாள், சாப்பிட்டீங்களா என்றாள், மகள் பிரசவத்துக்கென்று போனவள், அங்கேயே தங்கிவிட்டவள், சாப்பிட்டேன் என்றார், சரி வச்சிடறேன் என்றாள். அவ்வளவுதான். சொல்ல வாயெடுத்த அந்தச் சொல் மட்டும் எங்கேயும் போகாமல் நாக்கடியிலேயே கிடந்திருக்கிறது, மதுரையிலிருந்து ஆலடியேந்தல் வரைக்கும், செத்தவரின் தம்பி பக்கத்து சீட்டில் விம்மிக்கொண்டு வந்தபோதெல்லாம் அங்கேயேதான் கிடந்திருக்கிறது, கதவைச் சாத்திக் கிளம்பும்போது நாலு முகத்தைப் பார்த்ததும் தானாக விழுந்துவிட்டது. விழக்கூடாத இடமாகப் பார்த்து விழுந்துவிட்டது. மற்றவர்களுக்கு இந்த விதியெல்லாம் வருஷத்தில் என்றைக்கோ ஒரு நாள் கடைப்பிடிக்கிறது, வீட்டுக்கு வந்து தலைமுழுகினால் முடிந்தது. தவமணிக்கு அது தினப்பாடு. எந்த வாசலுக்குப் போனாலும் வாங்க கிடையாது, எந்த வாசலைவிட்டுக் கிளம்பினாலும் போய்ட்டு வாங்க கிடையாது. ஷெட்டுக்குப் பின்னாலிருக்கிற ஒற்றை ரூமுக்குப் போய்ப் பூட்டைத் திறந்தால் அங்கே சொல்லவும் ஆள் இல்லை. கண் கரித்தது. வேர்வைதான் என்று துடைத்துக்கொண்டார், வேர்வை இல்லை.

மறுபடி கண்ணாடியைப் பார்த்தபோது வளைவில் நீலம் தெரிந்தது. வருகிறான். அவசரப்படாமல், ரோட்டின் இந்த ஓரமாகவே, நேராக வண்டியைப் பார்த்து வருகிறான். ஆலடியேந்தல்காரனாக இருந்தால். அந்த அண்ணன் ஆள் அனுப்பியிருந்தால். ஒரு வார்த்தைக்காக ஆள் அனுப்புவார்களா, அனுப்புவார்கள், சாவு வீட்டுக் கோபம் எங்கே போய் இறங்குமென்று யார் கண்டது, எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறார், டாக்டர் மேல் இருக்கிற கோபத்தை வண்டிக் கதவில் காட்டியவர்கள் உண்டு. கையை நீட்டி நிறுத்தச் சொன்னது அதற்குத்தானோ. அதனால்தான் கை இறங்கவில்லையோ. கதவைப் பூட்டிக்கொள்ளலாமா என்று கை பூட்டுக்குப் போயிற்று, போன கையைப் பார்த்து அவருக்கே வெட்கமாக இருந்தது. பூட்டினால் மட்டும். இல்லை, அப்படி இருக்காது, ஏதோ வழிப்போக்கன், விஷயம் தெரியாமல் வருகிறான், வந்து ஏறுவான், ஏறி ரெண்டு வார்த்தை பேசுவான், எந்த ஊரு, எத்தனை புள்ளைங்க, மழை உண்டா உங்க பக்கம், பிறகு தெரியும், தெரிந்ததும் இறங்கிக்கொள்கிறேன் என்பான். அதுவும் ஒருமுறை நடந்திருக்கிறது. மழை நாளில், சிவகங்கை ரோட்டில், டீக்கடையோரம் நிறுத்தியிருந்தபோது இரண்டு பையன்கள் மழைக்குப் பயந்து எழுத்தைப் பார்க்காமல் கதவைத் திறந்து ஏறிவிட்டார்கள், அண்ணே கொஞ்சம் முன்னாடி விட்டுருங்கண்ணே என்று. அவரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை, பேச்சு அவ்வளவு நன்றாக இருந்தது, ஒருத்தன் கபடி ஆடுகிறவன், விழுந்து முட்டி பெயர்ந்த கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்தான். அப்புறம் இன்னொருத்தன் காலடியில் பன்னீர் பாட்டில் உருண்டது. அவன் குனிந்து எடுத்தான், திரும்பிப் பின்னால் பார்த்தான், ஸ்ட்ரெச்சரைப் பார்த்தான். அண்ணே இங்கேயே நிறுத்துங்க. இங்கே என்ன இருக்கு தம்பி, ஒண்ணும் இல்லையே, மழை விடலையே. இங்கேதாண்ணே எங்க வீடு. வெறும் பொட்டல். நிறுத்தினார். கண்ணாடியில் பார்த்தார், இரண்டு பேரும் மழையில் நின்றுகொண்டு ஒருத்தன் பேண்ட்டின் பின்பக்கத்தை இன்னொருத்தன் தட்டிவிட்டுக்கொண்டிருந்தான். அன்றைக்கு ராத்திரி அவர் சாப்பிடவில்லை. திட்டியிருந்தால்கூடச் சாப்பிட்டிருப்பார். அதனால் இன்று வருகிறவனை முதலிலேயே நிறுத்திச் சொல்லிவிட வேண்டும், இந்தா பாருப்பா, இது அந்த மாதிரி வண்டி, சம்மதமென்றால் ஏறு. சொன்னால் ஏறமாட்டான். சொல்லாவிட்டால் ஏறுவான், ஏறினால் இறங்குவான்.

ரயில் வந்துவிட்டது. சரக்கு ரயில், அவசரமே இல்லாமல், ஒவ்வொரு பெட்டியாகக் காட்டிவிட்டுத்தான் போவேன் என்று போயிற்று. வண்டி லேசாக அதிர்ந்தது, பின்னால் ஸ்ட்ரெச்சரின் கொக்கி கிணுகிணுத்தது. தவமணி ரயிலைப் பார்க்கவில்லை, கண்ணாடியைத்தான் பார்த்தார். நீலச் சட்டைக்குக் கீழே வேட்டி என்று நினைத்தது வேட்டி இல்லை, காற்றில் படபடத்தது, சேலை. சேலைக்கு மேலே ஆம்பளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, நூறு நாள் வேலைக்குப் போகிற பெண்கள் போட்டுக்கொள்வார்களே அப்படி. பொம்பளையா. ஆள் அனுப்பிவிட்டார்கள், அடிக்க வருகிறான் என்று என்னவெல்லாம் நினைத்துவிட்டோம். பயம் போன இடத்தில் ஒரு ஆசை வந்து உட்கார்ந்துகொண்டது, அது பயத்தைவிடத் தொந்தரவாக இருந்தது. பக்கத்து சீட்டில் உதிர்ந்து கிடந்த சாமந்தி இதழ்களைத் தட்டிவிட்டார். பன்னீர் பாட்டிலை சீட்டுக்கடியில் தள்ளினார். தோள் துண்டை எடுத்து சீட்டைத் துடைத்தார், ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது, திரும்பவும் துடைத்தார்.

கேட் திறந்துவிட்டது. பைக்கில் வந்தவர்கள் சட்டென்று கிளம்பி, இவர் வண்டியைச் சுற்றிக்கொண்டு விலகித் தாண்டிப் போனார்கள். கேட் கீப்பர் கையை ஆட்டினான், போ போ என்கிற மாதிரி. அந்தப் பெண் இன்னும் பாதித் தூரத்தில் இருந்தாள். ஓடிவருவாள் என்று தவமணி எதிர்பார்த்தார், அவள் ஓடவில்லை. கேட் திறந்ததைப் பார்த்துவிட்டு, அவ்வளவுதான் இனி இவன் நிற்கமாட்டான் என்று முடிவுகட்டியவளாக நின்றுவிட்டாள். ஒருமுறை நிற்காமல் போனவன்தானே. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, வேறு ஏதாவது வருகிறதா என்கிற மாதிரி பின்னால் திரும்பிப் பார்த்தாள். போய்விடலாம். இப்போது போய்விட்டால் யாரும் குற்றம் சொல்ல முடியாது, கேட் திறந்தது, வண்டி போயிற்று. அவள் ஏறி, பிறகு தெரிந்து, இறங்கி, சேலையைத் தட்டிக்கொள்வதைப் பார்க்க வேண்டியதில்லை. மொக்கராசு பேச்சும் மேனேஜர் பேச்சும் காப்பாற்றப்பட்டுவிடும். மதுரைக்குப் போய், ரூமைத் திறந்து, பார்சல் பரோட்டாவைப் பிரித்து. தவமணி சாவியைத் திருப்பினார், வண்டி உறுமியது, கிளட்சை மிதித்தார், கை கியரைப் பிடித்தது. ரிவர்ஸ் விழுந்தது.

ரிவர்ஸ் போட்டால் வண்டியில் ஒரு பாட்டு வரும். எந்தப் புண்ணியவான் வைத்தானோ, பிறந்தநாள் வீட்டில் போடுகிற மாதிரி ஒரு டிங் டிங். சந்துகளில் பின்னால் போகும்போது அந்தச் சத்தம் கேட்டு எத்தனையோ வீட்டில் ஒப்பாரி கூடியிருக்கிறது. இன்றைக்கு அது ஒரு பாவமும் அறியாத நடுரோட்டில் டிங் டிங் என்று கேட்டுக்கொண்டே போயிற்று. அவள் திரும்பினாள். வண்டி அவளருகே வந்து நின்றதும் தவமணி குனிந்து இடதுபக்கக் கதவைத் திறந்துவிட்டார். முதலில் சொல்லிவிட வேண்டும்.

"யக்கா, இது சாதா வண்டி இல்ல."

"தெரியுதே," என்றாள் அவள், கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டே. "சங்கரனேந்தல் விலக்குல விட்டுருங்க. கை காட்டுனேன்ல, என்ன நிக்காமப் போயிட்டீக?"

அறுபதை ஒட்டிய வயது இருக்கும். முகத்தில் அழுது காய்ந்த உப்புக்கோடு. தவமணி கியரைப் போட்டார். பழக்கமில்லக்கா என்றார். அது அவளுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை, துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வண்டி தண்டவாளத்தைத் தாண்டியது. கேட் கீப்பர் இந்தமுறை நாற்காலியிலிருந்து எழுந்தே பார்த்தான்.

"வண்டிய என்னன்னு பாத்துமா கைய இறக்கல?" கேட்டே விட்டார்.

"எதுக்கு இறக்கணும்? நானே துக்க வீட்டுல இருந்து வர்றேன். ஆலடியேந்தல்ல. நீங்க கொண்டாந்து எறக்குனீகளே, எங்க சின்னாத்தா மகன். வேலைக் காட்டுல நிக்கும்போது சேதி வந்துச்சு, போட்ட சட்டையோட ஓடுனேன். எடுக்கிற வரைக்கும் இருக்கத்தான் இருக்கணும், ஆடு கட்டுனது கட்டுனபடி கெடக்கு, நான் ஒத்தக்கட்டை, போனாத்தான் அதுகளுக்குத் தண்ணி. பஸ்ஸுல ஏறுனா நாலு பேரைத் தொடணும். ஒங்க வண்டின்னா யாருக்கு என்ன? எப்படியும் போயித் தலைமுழுகப் போறவ."

ஆலடியேந்தல் என்றதுமே தவமணிக்குக் காது அடைத்துவிட்டது. அப்படியானால் அங்கே இருந்திருக்கிறாள். கேட்டிருப்பாள். ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார், அவள் அந்தப் பேச்சை எடுக்காமலிருக்க வேண்டுமே என்று, எடுத்தே விடுவாள் என்றும் தெரிந்தது.

"நீங்கதான வர்றேன்னு சொன்னது," என்றாள்.

"வாய் தவறிடுச்சுக்கா. வேணும்னு சொல்வனா. வேற எங்கயோ சொல்ல வேண்டியது."

"பெரியவன் ஏசுனான்ல. அவன் குணமே அப்படித்தான்." பிறகு அவள் தோள் குலுங்குவது தெரிந்தது. அழுகிறாளென்று தவமணி நினைத்தார். இந்த சீட்டில் உட்கார்கிறவர்கள் அழுவார்கள், அவர் பேசாமல் ஓட்டுவார், அதுதான் வழக்கம். ஓரக்கண்ணால் பார்த்தால் அவள் துண்டை வாயில் அழுத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லக் கூடாதுதான். நீங்க அங்கிட்டு ஓடுனீகளா, இங்கிட்டு நாங்க பொம்பளைக உள்ள உக்காந்து, ஒருத்தி மூஞ்சிய ஒருத்தி பாக்கோம். அழுது அழுது தொண்டை கட்டிப் போயிக் கெடக்கோம். ஒருத்தி சொல்றா, பாவம் மனுசன் மரியாதையாச் சொல்லிட்டுப் போறாருடின்னு. அவ்வளவுதான், முந்தானைய வாயில வச்சு அமுக்கிக்கிட்டு ஒரு சிரிப்பு. செத்தவன் பொண்டாட்டி, வந்ததுல இருந்து கல்லா உக்காந்திருந்தா, அழவே மாட்டேன்னுட்டா, அவளுக்கே சிரிப்பு வந்துருச்சு. சிரிச்சா, அப்படியே ஒடைஞ்சா. அதுக்கப்பறந்தான் அவ அழுதா. அழாம இருந்திருந்தா என்னத்துக்கு ஆகுறதுன்னு நாங்க பயந்துக்கிட்டுல்ல இருந்தோம்."

காலையிலிருந்து சுமந்துகொண்டு வந்ததை யாரோ கைமாற்றி வாங்கிக்கொண்டது மாதிரி இருந்தது. சிரிக்கலாமா என்று பார்த்தார், சிரிப்பு வந்தது, கூடவே மற்றதும் வந்தது, இரண்டையும் அவள் பார்க்காதபடி வலதுபக்கக் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்ணாடியில் காலி ரோடு.

"மத்த நாளாயிருந்தா?" என்றார். "துக்க வீடெல்லாம் ஒண்ணும் இல்லாத நாள்ல இந்த வண்டி வந்திருந்தா?"

"மத்த நாள்னா இறக்கியிருப்பேன். பொய் சொல்லுவானேன்."

அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. பிறகு அவள் கேட்டாள், எந்த ஊரு, எத்தனை புள்ளைங்க என்று. ஒரே மக, திருப்பூருல, பேத்தி பொறந்திருக்கா, போன்லதான் பாத்தேன் என்றார். ஏன் போய்ப் பாக்கலை என்று அவள் கேட்கவில்லை, பேரு என்ன என்று கேட்டாள். ஞாயித்துக்கிழமதான் வைக்கிறாக என்றார். ம் என்றாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது போலவும் இருந்தது, ஆடுகளைப் பற்றி நினைத்துக்கொண்டிருப்பது போலவும் இருந்தது.

விலக்கு வந்துவிட்டது. ஒரு ஆலமரம், பஸ் எப்போதாவது நிற்கிற ஒரு நிழற்குடை, உள்ளே போகிற செம்மண் பாதை. தவமணி மெதுவாக, இன்னும் மெதுவாக ஓட்டி நிறுத்தினார். அவள் இறங்கினாள். சேலையைத் தட்டிக்கொள்வாளோ என்று அவர் கண் அவரை மீறி அவள் கையையே பார்த்தது. தட்டிக்கொள்ளவில்லை, துண்டைத் தலையில் கட்டிக்கொண்டாள். கதவைச் சாத்தப் போனவள் சாத்தாமல் நின்றாள். வாய் எதையோ சொல்லப் போய் நின்றது. அவருக்குத் தெரியும், இந்த வண்டியைப் பார்த்து எப்படிச் சொல்வாள். வரச் சொல்லக் கூடாத வண்டி. அவளும் ஊரில் நாலு பேரோடு இருக்கிறவள்தானே. அவளைச் சங்கடப்படுத்த வேண்டாமென்று தவமணி முகத்தை ரோட்டுக்குத் திருப்பி கியரைப் போட்டார்.

"தம்பி," என்றாள்.

திரும்பினார்.

"வண்டிய ஷெட்டுல விட்டுட்டு, நீங்க மட்டும் ஒரு நாள் வாங்க. பஸ்ஸுல வாங்க. முத்திருளாயி வீடுன்னா கை காட்டுவாக."

தவமணி கியரை நியூட்ரலுக்குத் தள்ளினார். காலையிலிருந்து கிடந்த சொல், ஒரு வாசலில் விழுந்து ஏச்சு வாங்கிய சொல்.

"வர்றேங்க்கா," என்றார்.

அவள் தலையை ஆட்டிக் கதவைச் சாத்தினாள்.